இறைவாசிப்பும் வழிகாட்டுதலும்: மடத்து மரபிலிருந்து தேர்ந்து தெளிதல் வரை

திருவிவிலியத்தின் ஒரு சிறு பகுதியை அமைதியில் மெல்ல வாசித்து, மனத்தில் அசைபோட்டு, அதன்வழி இறைவிருப்பத்தை உணர முயலும் பழக்கம், இலத்தீனில் லெக்சியோ டிவினா என வழங்கும் ‘இறைவாசிப்பு’ என்ற பெயரில் இன்று தியான இல்லங்களில் பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. இது துறவு மடங்களில் வளர்ந்தது என்பது பலரும் அறிந்ததே. ஆயினும், வாழ்வில் எடுக்க வேண்டிய ஒரு முடிவுக்கு வழி கேட்கும் கூறு மடத்து மரபில் முதன்மை பெறவில்லை என்பதும், அத்தேவை நெடுங்காலம் மடத்துக்கு வெளியே வேறொரு வழக்கத்தால் நிறைவு செய்யப்பட்டது என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

அந்த வேறொரு வழக்கம், கண்ணில் பட்ட அல்லது காதில் விழுந்த வசனத்தைத் தனக்கே உரைக்கப்பட்டதாக ஏற்பதாகும். செல்வத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு கூறும் நற்செய்திப் பகுதி ஆலயத்தில் வாசிக்கப்பட்டதைக் கேட்ட வனத்து அந்தோனியார் தம் நிலங்களைத் துறந்தார் என்று அத்தனாசியார் எழுதிய வரலாறு கூறுகிறது. அதை நினைவில் கொண்டே, 386இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகுஸ்தீனார் பவுலின் திருமுகங்களைத் திறந்து, உரோமையர் 13ஆம் அதிகாரத்தில் முதலில் கண்ட வரிகளைத் தமக்கான அழைப்பாக ஏற்றார். இவ்வாறு மனம் மாறிய அவரே, ஏறத்தாழ 400ஆம் ஆண்டளவில் யனுவாரியுசுக்கு எழுதிய கடிதத்தில், உலகக் காரியங்களுக்காக நற்செய்தி ஏட்டைத் திறந்து குறி பார்ப்பது பேய்களிடம் குறி கேட்பதைவிட மேலானது என்றாலும் தமக்கு உடன்பாடானதன்று என்று குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது. 506இல் ஆக்ட் நகரில் கூடிய ஆயர் மன்றம் இவ்வழக்கத்தில் ஈடுபடும் குருக்களுக்குத் தண்டனை விதித்ததிலிருந்து, அது பாமரர்களோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவாகிறது.

மடங்களின் வாசிப்போ வேறு தன்மையது. 6ஆம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், கோடைக்காலத்தில் நான்காம் மணி முதல் ஆறாம் மணி வரை வாசிப்புக்கென ஒதுக்குகிறது. தவக்காலத்தில் ஒவ்வொரு துறவியும் ஒரு நூலைப் பெற்று அதை முதலிலிருந்து இறுதிவரை வரிசையாகப் படிக்க வேண்டும் என்கிறது. வாசிப்பு நேரத்தில் எவரேனும் சோம்பியிருக்கிறாரா, வெட்டிப்பேச்சு பேசுகிறாரா என்று பார்க்க மூத்தவர் ஒருவரோ இருவரோ மடத்தைச் சுற்றி வரவும் விதிக்கிறது. பிற்பகல் ஓய்வின்போது படுக்கையில் படிக்க விரும்புபவர் பிறருக்குத் தொல்லையின்றிப் படிக்க வேண்டும் என்ற குறிப்பு, அன்றைய வாசிப்பு பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதாகவே இருந்ததைக் காட்டுகிறது. தியானம் என்பதும் அக்காலத்தில், மனப்பாடமான வரிகளை வாய்க்குள் திரும்பத் திரும்ப முணுமுணுப்பதையே பெரிதும் குறித்தது.

பின்னர், பெருங் கார்த்தூசிய மடத்தின் ஒன்பதாம் தலைவராக 12ஆம் நூற்றாண்டில் விளங்கிய இரண்டாம் குயிகோ, ஜெர்வாஸ் என்னும் சகோதரருக்கு மடல் வடிவில் எழுதிய ‘துறவியரின் ஏணி’ என்ற சிறுநூலில், இப்பழக்கத்தை வாசிப்பு, தியானம், மன்றாட்டு, ஆழ்நிலைக் காட்சி என நான்கு படிகளாக ஒழுங்குபடுத்தினார். வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மெல்லுகிறது, மன்றாட்டு சுவையைப் பெறுகிறது, காட்சியோ அச்சுவையே ஆகிறது என்பது அவர் தரும் விளக்கம். தூய உள்ளத்தோர் பற்றிய மத்தேயு நற்செய்தி வசனம் ஒன்றை எடுத்து அவர் படிப்படியாக மேலேறிக் காட்டும் பகுதி அழகானது; ஆனால் அந்த ஏணியில் ‘இனி என்ன செய்வது’ என்ற கேள்விக்கென்று ஒரு படி இல்லை. எங்கே உறங்குவது, எப்போது எழுவது, என்ன வேலை செய்வது என்பனவற்றை எல்லாம் ஒழுங்கும் மடத்தலைவரும் முடிவு செய்துவிட்ட வாழ்வில் அக்கேள்வி அரிதாகவே எழும் என்பதே அதற்குக் காரணமாகலாம்.

அக்கேள்வியை வாசிப்போடு பிணைத்தவர்களில் முதன்மையானவர், முடிவுகள் யாவும் கைவசமிருந்த ஒரு வீரர். 1521இல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து லொயோலா வீட்டில் படுத்திருந்த இஞ்ஞாசியார் வீரசாகசக் கதைகளைக் கேட்க, அவை அங்கில்லாததால் புனிதர் வரலாற்று நூலும், சாக்சனியின் லுடோல்ஃப் என்ற கார்த்தூசியத் துறவி எழுதிய கிறிஸ்துவின் வாழ்க்கையும் அவருக்குத் தரப்பட்டன. குயிகோவின் சபையிலிருந்து வந்த நூலே இம்மாற்றத்துக்குக் கருவியானது தற்செயல்தான் என்றாலும் குறிப்பிடத்தக்கது. வீரச் செயல்களைப் பற்றிய கற்பனைகள் இனித்துப் பின் வறட்சியை விட்டுச்சென்றன என்பதையும், புனிதரைப் போல வாழும் எண்ணங்கள் அகன்ற பின்னும் மகிழ்ச்சி நிலைத்தது என்பதையும் அவர் கூர்ந்து கவனித்தார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவரது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ இக்கவனிப்பையே ஒரு முறையாக்கிற்று: ஏறத்தாழ முப்பது நாள் நற்செய்தி நிகழ்வுகளைத் தியானிப்பவர், வாழ்க்கை நிலை குறித்த தெரிவை அத்தியானங்களின் நடுவிலேயே வைத்து, உள்ளத்தில் எழும் ஆறுதலையும் வறட்சியையும் நாளடைவில் ஒப்பிட்டு அறிய வேண்டும். ‘தேர்ந்து தெளிதல்’ எனத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் இம்முறையில், வழிகாட்டுவது தற்செயலாக அகப்பட்ட வசனமன்று. வசனத்தின்முன் பல நாள் அமர்ந்த மனத்தின் அசைவுகளே சான்றாகின்றன.

சீர்திருத்தச் சபைகளில் குறி பார்க்கும் வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து சேர்ந்த மொராவிய சகோதரர்கள், ஹெர்ன்ஹூட்டில் 1728இல் தொடங்கி 1731 முதல் நூலாக அச்சிட்ட நாள்வசனங்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தனர்; திருமணத்துக்கும் பணி நியமனத்துக்கும்கூட ஒரு காலத்தில் சீட்டு எடுத்தனர். இந்நாள்வசனங்களை நாடோறும் வாசித்த லூத்தரன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1935 முதல் பின்கன்வால்டே குருமடத்தில் மாணவர்களை ஒரே சிறு பகுதியின்மீது வாரம் முழுவதும் தினம் அரை மணிநேரம் மௌனமாகத் தியானிக்கச் செய்தார். இதில் மடத்து வாடை வீசுகிறது என்று இறையியலாளர் கார்ல் பார்த் ஐயுற்றார். 1939 ஜூனில் நியூயார்க்கில் பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்பைத் துறந்து ஜெர்மனி திரும்ப 20ஆம் தேதியே முடிவு செய்த போன்ஹோஃபர், 26ஆம் தேதி, குளிர்காலத்துக்கு முன் வந்துசேருமாறு திமொத்தேயுவை அழைக்கும் பவுலின் வரியை வாசித்து அது தமக்கும் பொருந்துவதாக நாட்குறிப்பில் எழுதினார். வசனம் முடிவைத் தரவில்லை, முன்பே எடுத்த முடிவை உறுதிப்படுத்தியது என்ற இவ்வரிசைமுறையைப் பிற்கால வாழ்க்கைக் குறிப்புகள் சில தலைகீழாக்கிவிடுவதுண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1965இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு, மறைநூல் வாசிப்பை மடத்துக்கு வெளியே எல்லாருக்கும் உரியதாக்கியது. 2010இல் பதினாறாம் பெனடிக்ட் வெளியிட்ட ‘ஆண்டவரின் வார்த்தை’ என்ற ஏடு, வாசிப்பு தனிமனிதப் போக்காகிவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, குயிகோவின் நான்கு படிகளை விளக்கிய பின், வாசிப்பு செயலில் முடியாவிட்டால் நிறைவுறாது எனச் சேர்த்தது. குடும்பமும் தொழிலும் கடனும் உள்ள வாசகரை நோக்கியும் அவ்வேடு பேசியது. ஜெர்வாஸ் சகோதரருக்கு அந்த ஐந்தாம் படி தேவைப்பட்டிருக்காது.