பிக்கப் வண்டியில் கியர் விழாமை

எஞ்சின் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்தும் கியர் ராடு உள்ளே போக மறுப்பதையும், கரகரவென்று உறுமிவிட்டு நியூட்ரலுக்கே திரும்பிவிடுவதையும் ஒர்க்‌ஷாப்பில் ‘கியர் விழவில்லை’ என்பார்கள். சந்தைக்கும் கடைவீதிக்கும் நின்று நின்று ஓடுவதும், அளவுக்கு மிஞ்சிய பாரமும் கிளட்சை வாட்டுவதால் பிக்கப் வண்டிகளில் இது பழகிப்போன புகார். கேட்டவுடனே கியர் பாக்ஸை இறக்கிவிடும் அவசரக்காரர்கள் உண்டு. கூலி அதிகம் பிடிக்கும் அந்த வேலை கடைசியில் வர வேண்டியது. கோளாறு வெளியே ஒரு ரப்பர் வாஷரில் இருக்கவும் கூடும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று பல்லோடு பல் முட்டி நின்றால், கைபிரேக்கை எடுத்து வண்டியை ஒரு சாண் தள்ளினால் விழுந்துவிடும். அணைத்த நிலையில் எல்லாம் சுலபமாக விழுந்து, ஸ்டார்ட் செய்தபின் ஒன்றுமே விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. அணைத்தபோதும் விழவில்லை என்றால் ராடு, கேபிள், கியர் பாக்ஸ் என்று தேடலாம். ஒரே ஒரு கியர் மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் அநேகமாகக் குற்றவாளி அல்ல.

ரிவர்ஸ் இன்னொரு சாட்சி. பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. நின்ற வண்டியில் கிளட்சை மிதித்து நான்கைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். அப்போதும் கரகரத்தால், கிளட்ச் பிரியாமல் கியர் பாக்ஸுக்குள் தண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கிளட்ச் பிரியாதபோது

இப்போதைய பிக்கப்களில் பலவற்றின் கிளட்ச், ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். கியர் பாக்ஸ் ஓரத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு நீண்டு ஃபோர்க்கைத் தள்ளும். ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அமுக்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலை முழுதாக விடாது.

பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் கியர் விழுந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டரின் பக்கெட் (உள்ளே ஆயிலை அடைக்கும் ரப்பர்) தேய்ந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால் மாஸ்டருக்குள்ளேயே ஆயில் பின்வாங்குகிறது. ஸ்லேவின் ரப்பர் பூட்டை விரலால் விலக்கிப் பார்ப்பது அரை நிமிட வேலை. உள்ளே ஈரம் சொட்டினால் பக்கெட் போய்விட்டது. பெடலுக்குப் பின்னால் மேட் நனைந்திருந்தால் மாஸ்டர் கசிகிறது.

காலையில் ஒழுங்காக விழும் கியர் உச்சிவெயிலில் நெரிசலில் ஊர்ந்த பிறகு மட்டும் மறுத்தால் ஆயிலையும் சந்தேகிக்க வேண்டும். கிளட்சில் ஊற்றுவது பெரும்பாலும் பிரேக் ஆயில்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறியதற்குத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 140தான். சூட்டில் ஆவிக்குமிழி உண்டானால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். பழைய ஆயிலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றி, நிப்பிளைத் திறந்து காற்றெடுத்தால் சரியாகலாம். கைக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றினால் பக்கெட்டுகள் ஊதி, மாஸ்டரும் ஸ்லேவும் சேர்ந்து பாழாகும்.

ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் கீழே பார்த்து, ஸ்லேவின் ராடு முழுதாக நீள்கிறது என்று உறுதியானால்தான் கியர் பாக்ஸை இறக்கும் பேச்சே எழ வேண்டும். வளைந்த பிளேட், ஒடிந்த டயஃப்ரம் விரல், விரிசல் விட்ட ஃபோர்க், இறுகிப்போன பைலட் பேரிங் ஆகியவை அங்கே காத்திருக்கும். மழையில் நெடுநாள் நின்ற வண்டியில் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கும். அண்மையில்தான் கிளட்ச் மாற்றியது என்றால், பிளேட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ராடும் பெட்டியும்

கியர் பாக்ஸின் தலையிலேயே ராடு நிற்கும் வண்டிகளில் அதன் அடிக்குமிழைத் தாங்கும் நைலான் புஷ் பொடிந்துபோகும். ராடு சோற்றில் விட்ட கரண்டிபோல் எல்லாப் பக்கமும் ஆடும். எந்தக் கியரையும் தொடாது. இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள சிறு வண்டிகளில் கேபிள் நீண்டிருக்கலாம், முனையின் புஷ் கழன்றிருக்கலாம். கேபிளைக் கழற்றி, பெட்டியின் மேலுள்ள லீவரைக் கையால் தள்ளிப் பார்த்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கியர் மட்டும் கரகரத்தால் அதன் சிங்க்ரோ வளையத்தைக் கவனிக்கலாம். 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமான இந்த ஏற்பாடு, பற்கள் கோக்கும் முன் இரண்டின் வேகத்தையும் சமன்படுத்துகிறது. ஓட்டத்தில் நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, வேகத்துக்கேற்ப ஆக்சிலேட்டரைத் தொட்டு, மறுபடி மிதித்துப் போட்டால் அதே கியர் சத்தமின்றி விழுகிறதென்றால் வளையம் தேய்ந்திருப்பது ஏறக்குறைய உறுதி. கியர் ஆயிலும் பேசும். வடிகுழாய் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை படிவது சாதாரணம். ஆயிலிலேயே பித்தளைப் பொடி மின்னினால் வளையம் கரைகிறது. காந்தத்தில் ஒட்டாததால் அதை ஆயிலில்தான் தேட வேண்டும். எஃகுச் சில்லு வந்தால் வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்கும் பெட்டிக்கு ஜிஎல்-5 ஊற்றினாலும் சிங்க்ரோ வழுக்கி, கியர் முரண்டும்.

கியர் விழுந்தும் வண்டி நகராதது வேறு நோய்: நாலு சக்கர ஓட்டமுள்ள பிக்கப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் கிடக்கலாம், தேய்ந்த கிளட்ச் வழுக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் லீவர் ‘பி’யை விட்டு அசையவில்லை என்றால் முதலில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாவிட்டால் ஃபியூஸோ பிரேக் பெடல் சுவிட்சோதான் பெரும்பாலும் காரணம். பெடல் மிதிபட்டது தெரியாதவரை லீவரின் பூட்டு விடாது.