பிறேக் பிடித்த கதை: கம்பியிலிருந்து எண்ணெய் வரை



மவுண்டன் பைக் வாங்கும் நம்ம பிள்ளைகளிடம் இப்ப ஒரே கேள்விதான். "சேர், பாரம் குறைஞ்ச ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் எது நல்லது?" சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் கொஞ்சம் நீளும். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

1888இல் பெல்பாஸ்ற்றில் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த ரயரைச் செய்தார். அதற்கு முன்பு சைக்கிளுக்குக் கெட்டி றப்பர் ரயர்தான். கரண்டி மாதிரி ஓர் இரும்பை மேலிருந்து ரயரில் அமத்தினால் அதுதான் பிறேக். காற்று ரயரில் அப்படி அமத்தினால் ரயர் தேய்ந்து போகும். ஆகவே பிறேக் ரயரை விட்டு றிம்முக்கு இறங்கியது. நம் பெரியவர்கள் ஓடிய றலி, ஹம்பர் சைக்கிள்களின் கம்பி பிறேக் அந்த வழியில் வந்தது. ஹாண்டிலிலிருந்து இரும்புக் கம்பிகள் இறங்கி, மூட்டுகளில் திரும்பி, குதிரைலாடம் போன்ற ஒரு வளையத்தை மேலே இழுக்கும். அதில் இருக்கும் இரண்டு கட்டைகளும் றிம்மின் உட்பக்கத்தைப் பிடிக்கும்.

நான் அந்தக் கம்பி பிறேக்கின் ரசிகன். சில்லு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினாலும் அது கோபிக்காது. அறுந்து போகக் கேபிள் இல்லை. கம்பி வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். ஒரு குறடும் ஒரு ஸ்பனரும் உள்ள எந்தச் சந்திக் கடையிலும் வேலை முடிந்துவிடும். மழைக்குத்தான் அது ஆகாது. முலாம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் கட்டை வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வலிகாமத்துச் செம்மண் சேறும் சேர்ந்தால் பிறேக்கை இரண்டு கையாலும் அமத்திவிட்டு, செருப்பையும் நிலத்தில் தேய்க்க வேண்டியதுதான். அந்தக் காலத்துச் செருப்புகளின் குதி ஏன் தேய்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1990இல் போரும் பொருளாதாரத் தடையும் வந்தபோது குடாநாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றதெல்லாம் சைக்கிள்தான். விறகு, மரக்கறி மூட்டை, சீமெந்துப் பை, பிரசவத்துக்குப் போகும் தாய் எல்லாமே கரியரில் போயின. இரவில் நிறுத்திவைத்த சைக்கிளின் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ செய்தி கேட்டார்கள். பிறேக் கட்டை தேய்ந்தால் பழைய ரயரை வெட்டிக் கட்டையாக்கினார்கள்.

அந்த வருசம் ஒக்டோபர் 30ஆம் திகதி நம் சமூகம் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டது. சோனகத் தெருவில் எத்தனை சைக்கிள் சுவரில் சாய்ந்தபடி நின்றன என்று யாரும் எண்ணி எழுதவில்லை. எங்கட வீட்டிலும் ஒரு றலி நின்றதாம். பூட்டினோமா, சாவியை அதிலேயே விட்டோமா என்று உம்மாவுக்கு இன்றும் சந்தேகம். சரியாக ஐந்து வருசம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். மழை. நகர இடமில்லாத கூட்டம். சைக்கிள்களை ஓட்டவில்லை, தள்ளினார்கள். அன்று சைக்கிள் வண்டிலாக மாறியது. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர்களில் அதைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு பாரத்தை அந்தப் பழைய கம்பி பிறேக் எப்படித் தாங்கியது? விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு சின்னக் கணக்குப் போடுகிறேன். ஆள், விறகு, சைக்கிள் எல்லாம் சேர்த்து 180 கிலோ, மணிக்கு 15 கிலோமீற்றர் வேகம். அதை நிறுத்த பிறேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 1,560 யூல். இன்றைக்கு ஒரு பொடியன் சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ, மணிக்கு 36 கிலோமீற்றரில் வருகிறான் என்று வையுங்கள். 4,000 யூல். பாரம் பாதிக்கும் குறைவு, வேலை இரண்டரை மடங்கு. பாரம் இரட்டித்தால் பிறேக்கின் வேலையும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். நம் ஊரில் மேடும் இல்லை, அந்தச் சைக்கிள்களுக்கு வேகமும் இல்லை. கம்பி பிறேக் பிழைத்தது அதனால்தான்.

மலை வந்தால் கதை மாறும். மவுண்டன் பைக்கின் வரலாறே பிறேக்கில்தான் தொடங்குகிறது. 1976 ஒக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய், மண் பாதையில் கீழே ஓட்டப் போட்டி வைத்தார்கள். சுமார் 3.4 கிலோமீற்றர் தூரத்தில் 400 மீற்றர் இறக்கம். அந்தச் சைக்கிள்களுக்குப் பின் சில்லின் குடத்துக்குள் இருக்கும் பிறேக், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். அடிவாரத்துக்கு வரும்போது குடத்துக்குள் இருக்கும் கிறீஸ் காய்ந்து புகைந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்பு பிரித்துப் புதுக் கிறீஸ் அடைக்க வேண்டும். அந்த அடைப்பு வேலையின் பெயரே போட்டிக்கும் வந்தது: ரீபாக். 90 கிலோ 400 மீற்றர் இறங்கினால் சுமார் 3 இலட்சத்து 50 ஆயிரம் யூல். காற்று கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிறேக்கில் சூடாகும். கிறீஸ் புகையாமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு கேபிளால் இழுக்கும் கன்ரிலீவர் பிறேக், 1996இல் சிமானோவின் வி-பிறேக், 1990களின் முடிவிலிருந்து ஹைட்ரோலிக் டிஸ்க். ஆனால் டிஸ்க் சைக்கிளுக்காகப் பிறந்தது இல்லை. 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் காருக்குக் காப்புரிமை எடுத்தார். 1953இல் லு மான் பந்தயத்தில் ஜகுவார் கார்கள் டிஸ்க் பிறேக்கோடு வென்ற பிறகுதான் உலகம் அதைக் கவனித்தது. எண்ணெயால் பிறேக் பிடிக்கும் யோசனை அதற்கும் முந்தியது. 1921இலேயே அமெரிக்காவின் டியூசன்பேர்க் கார்களில் நாலு சில்லுக்கும் ஹைட்ரோலிக் வந்துவிட்டது. தத்துவம் நம் பிள்ளைகள் வகுப்பில் படிக்கும் பஸ்காலின் விதிதான். அடைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அமுக்கம் எல்லா இடத்துக்கும் போகும். விரலால் சிறிய பிஸ்டனைத் தள்ளினால், கீழே பெரிய பிஸ்டன் கட்டையைப் பல மடங்கு விசையோடு அமத்தும்.

நம் ஊருக்கு டிஸ்க்கால் கிடைக்கும் நன்மை பலத்தை விட இடம்தான். டிஸ்க் சில்லின் நடுவில் இருக்கிறது. றிம் சேற்றில் புரண்டாலும், வெள்ளத்தில் அரைச் சில்லு நனைந்தாலும் பிறேக் பிடிக்கும். ஹைட்ரோலிக்கில் கேபிள் இல்லாததால் கடற்காற்றில் துருப்பிடித்து இறுகுவதற்கும் எதுவும் இல்லை. பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இது விளங்கும்.

இனி "பாரம் குறைஞ்ச" என்ற சொல்லுக்கு வருவோம். சாதாரண செட்டுக்கும் பந்தயச் செட்டுக்கும் இரண்டு சில்லும் சேர்த்து வித்தியாசம் 200 கிராம் அளவில்தான் இருக்கும். அரைப் போத்தல் தண்ணீர் அதைவிடக் கூட. 160 மில்லிமீற்றர் டிஸ்க் சுமார் 100 கிராம். மெல்லியது 20, 30 கிராம் குறையும், அதாவது இரண்டு பிளேன்ரீக்குப் போடும் சீனி. ஆனால் சூட்டை வாங்கிக்கொள்வது அந்த இரும்புதான். இரும்பு குறைந்தால் சூடு சீக்கிரம் ஏறும். குடாநாட்டுக்குள் ஓடுவதற்கு அது ஒரு பொருட்டில்லை. விடுமுறைக்கு நுவரெலியா போய், 1,870 மீற்றர் உயரத்திலிருந்து றம்பொடை வளைவுகளில் இறங்கப் போகிறவன் முன் சில்லுக்கு 180 மில்லிமீற்றர் டிஸ்க் போடட்டும். அங்கே பாரத்தைக் குறைக்கப் பார்ப்பது புத்தியில்லை.

என்னைக் கேட்டால் கிராமை விட எண்ணெயைப் பாருங்கள். சிமானோ, மகுரா பிறேக்குகளுக்கு மினரல் எண்ணெய். ஹோப், ஹேய்ஸ், ஸ்ராமின் பல பிறேக்குகளுக்கு டொட் எண்ணெய். ஒன்றுக்குள் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும். டொட் 4 மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அது ஈரத்தை உறிஞ்சும், நம் புழுக்கத்தில் காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும். மினரல் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது, ஆனால் சரியான போத்தலைத் தேடி வாங்கி வைத்திருக்க வேண்டும். பணம் கொடுக்க முன்பு உங்கள் சந்திக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நாநா, இதுக்குக் காத்து எடுக்கத் தெரியுமா, சாமான் இருக்கா?" தெரியாது என்றால், நல்ல கேபிள் டிஸ்க் உங்களுக்குப் போதும்.

இன்னும் இரண்டு விசயம். நம்மவர்கள் கம்பி பிறேக் காலத்திலிருந்தே எல்லா மூட்டுக்கும் எண்ணெய் விட்டுப் பழகியவர்கள். டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் அந்தக் கட்டை போச்சு, கீச்சிடும், பிடிக்காது. மற்றது, ஒட்டுப் போடச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தும் வழக்கம். ஹைட்ரோலிக்கில் அப்படி நிறுத்தினால் மேல் தொட்டியில் இருக்கும் கொஞ்சக் காற்று குழாய்க்குள் போகலாம். சில்லைக் கழற்றியிருக்கும்போது யாராவது விளையாட்டாகப் பிறேக்கை அமத்தினால் இரண்டு கட்டையும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. சில்லைக் கழற்றினால் கட்டைகளுக்கு நடுவில் தடித்த காட்போட் துண்டொன்றைச் சொருகிவிடுங்கள். நிமிர்த்திய பிறகு பிறேக்கைப் பத்துத் தரம் அமத்தி, இறுக்கம் வந்ததைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.