மருத்துவப் பிணை (இந்தியா)
கடுங்குற்ற வழக்கில் சிறையிலிருப்பவருக்கு நோயின் காரணமாகக் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு நீதிமன்றம் வழங்கும் ஜாமீன். மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றமானாலும், நோயுற்றவருக்கும் உடல் நலிந்தவருக்கும் பிணை தரலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம், 437). சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டத்தில் இவ்விலக்கு இல்லை, அது பெருங்குறை. சிறையில் உரிய சிகிச்சை கிடைக்குமா என்பதே நீதிமன்றம் ஆராயும் மையக் கேள்வி.

சட்டவிரோதச் செயல்கள் (தடுப்பு) சட்டத்தின் கீழ் தொடரப்பட்ட எல்கர் பரிஷத் வழக்கில் தெலுங்குக் கவிஞர் வரவர ராவுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் 6 மாதப் பிணை அளித்தது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவரது பிணையின் கால வரம்பை நீக்கியது. அதே வழக்கில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி பார்க்கின்சன் நோயாளி. உயர் நீதிமன்றத்தில் பிணை மனு நிலுவையிலிருக்கும்போதே, 2021 ஜூலை 5 அன்று, 84ஆம் வயதில் இறந்தார்.