எறியப்பட்டதன் நிறை

எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறையில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடக்கிறது. ஒட்டுப்பலகையால் செய்து, விளிம்புகளில் தகரம் அடித்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய ஏற்றுமதிப் பெட்டி. இப்போது அதற்குள் கிழிந்த கரப்பந்து வலைகள் இருக்கின்றன. கடந்த வருடம் அறையைத் துப்புரவு செய்தபோது, ஏழாந்தர மாணவன் ஒருவன் பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையால் பதித்திருந்த மூன்று ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டினான்: குறோஸ், டெயார், நெற்.

"டெயார் எண்டால் என்ன சேர்?"

பெட்டியையும் பொருளையும் சேர்த்து நிறுத்தால் வருவது மொத்த நிறை. வெறும் பெட்டியின் நிறை டெயார். முன்னதில் பின்னதைக் கழித்தால் தேறிய நிறை. வாங்குபவர் அதற்குத்தான் காசு கொடுப்பார். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபோதுதான் அச்சொல்லின் பூர்வீகம் தெரிந்தது. அரபியில் ‘தரஹ’ என்றால் எறிந்தான் என்பது பொருள். அந்த வேரிலிருந்து வந்த சொல் இத்தாலிய வணிகரிடம் ‘தாரா’வாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்திருக்கிறது. கணக்கில் கழித்து எறியப்படுவதே டெயார்.

ஆனால் வரலாறு இந்தக் கணக்கை மறுபக்கமாகப் போடுகிறது. கப்பலேறிய கோதுமையும் மிளகும் உண்ணப்பட்டுத் தீர்ந்துவிட்டன. எறியப்பட்ட பானையும் சீட்டுமே நமக்கு எஞ்சியிருக்கின்றன. இதற்குச் சிறந்த சாட்சி, எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குஸைர் அல்-கதீம் என்னும் பாழடைந்த துறைமுகம்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தினர் 1978 முதல் 1982 வரை அங்கு அகழ்வு நடத்தியபோது, அபூ முஃபர்ரிஜ் என்ற வணிகரின் வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் அரபுக் காகிதத் துண்டுகள் கிடைத்தன. அவை பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. அவற்றை வாசித்த லீ குவோ, 2004இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் பல சரக்கோடு வந்த சீட்டுகள்: அனுப்பியது என்ன, எத்தனை இர்தப்பு, யார் கையில், யாருக்கு. தானியத்தை அளக்கும் எகிப்திய அளவை இர்தப்பு. அந்தத் துறையிலிருந்து ஹிஜாஸுக்குத் தானியம் போயிற்று. ஹாஜிகளும் அவ்வழியே போனார்கள். எந்த மன்னரின் சரித்திரமும் அபூ முஃபர்ரிஜின் மாவு மூட்டைகளைப் பற்றிப் பேசாது. வேலை முடிந்ததும் வீசப்பட்ட சீட்டுகளே பேசுகின்றன.

அந்த மண்ணில் இன்னும் கீழே போனால் நம் மொழி இருக்கிறது. உரோமர் காலத்தில் அதே துறை மியோஸ் ஹோர்மோஸ் எனப்பட்டது. அங்கு கிடைத்த தமிழ்ப் பிராமி ஓடுகள் இரண்டில் கணன், சாதன் என்ற பெயர்கள் இருந்தன. பின்னர் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தினரின் அகழ்வில் கிடைத்த, கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாடித் துண்டொன்றை 2007இல் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். ‘பானை ஒறி’ என்று அதில் எழுதியிருந்தது. நாம் உறி என்று சொல்லும் கயிற்று வலைதான் அது. பானையைக் கட்டித் தூக்கும் உறியின் பெயரைத் தமிழறிந்த ஒருவர் பானையின் மேலேயே எழுதியிருக்கிறார். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களில் புலி முத்திரை இட்டதைச் சொல்கிறது. அந்த மூட்டைகளில் ஒன்றுகூட இன்றில்லை. உறியின் பெயர் எழுதிய ஓடு இருக்கிறது.

ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு வருட இடைவெளியில், ஒரே துறையில், தமிழும் அரபும் சரக்கின் மேலும் சரக்கோடும் எழுதப்பட்டிருக்கின்றன. இரண்டு மொழிகளுக்கும் உரிமை கொண்டாடும் நமக்கு இதைவிட நெருக்கமான சான்று வேறென்ன வேண்டும்?

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணம் உண்டு. என் மூத்தவாப்பா ஊரில் சில்லறைக்கடை வைத்திருந்தார். கொழும்பிலிருந்து வரும் மூட்டைகளின் குறிகளையும் நிறையையும் சாக்குக் கழிவையும் நீண்ட கொப்பிகளில் அரபுத்தமிழில் எழுதிவைத்தார். ஆசிரியர் கலாசாலையை முடித்து வந்த வருடம் வீட்டைத் திருத்திக் கட்டினோம். அந்தக் கொப்பிகளைக் கறையான் அரித்த குப்பையென்று பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுத்தவன் நானேதான். வரலாறு படிப்பிக்கப் பயிற்றப்பட்டவன்! எத்தனை கிலோ என்பதுகூட இப்போது நினைவில்லை.

நம்மவர் வரலாறு எழுதும்போது பெரும்பாலும் மன்னர்களிடம் பெற்ற பட்டங்களையும் பட்டயங்களையும் தேடுகிறோம். அவையும் வேண்டியவையே. ஆனால் கடைக் கொப்பி, மூட்டைக் குறி, லொறித் துண்டு ஆகியவற்றில் நம் சாதாரண மனிதர்கள் தங்கள் கையாலேயே தங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு அட்டாலையில் அப்படி ஏதேனும் இருந்தால், எறியுமுன் அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

அந்தத் தேயிலைப் பெட்டியைத் துடைத்து வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வலைகளை வேறிடத்தில் வைத்தாயிற்று.