வட பாஸ்கியின் சாணமும் புறநகர்ப் புல்வெளியும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஈரத் கவுண்டியில் பிறக்கும் வட பாஸ்கி ஆறு தென்கிழக்காக ஓடி வேக்கோ ஏரியில் கலக்கிறது. வேக்கோ நகரம் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான். 1980-களில் ஆற்றின் தலைப்பகுதியில், ஸ்டீபன்வில் ஊரைச் சுற்றிலும் பெரிய பால்பண்ணைகள் பெருகின. பால் வெளியூருக்குப் போனது. சாணம் அங்கேயே தங்கியது. ஈரமும் பாரமுமாக இருக்கும் சாணத்தைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. பண்ணையை ஒட்டிய வயல்களே அதை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டன.

கேடு மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸில் இருந்தது. புல் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மணிச்சத்தைப் போல ஏழெட்டு மடங்கு. சாணத்தில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. மக்கும்போது தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடுவதால் மேலும் குறைகிறது. ஆகவே தழைச்சத்துக் கணக்கில் சாணம் இட்டால், பயிருக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மணிச்சத்து மண்ணில் சேரும். மேல்மண் நிறைந்தபின் ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து ஓடைக்குக் கொண்டுபோகும். அங்கே அது பாசிக்கு உணவு. பாசி செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும். வேக்கோவில் குழாய்த் தண்ணீரிலேயே மண்வாடை அடித்தது.

1998-ல் ஆறு மாநிலத்தின் மாசுபட்ட நீர்நிலைப் பட்டியலில் ஏறியது. நீரில் கரைந்த பாஸ்பரஸைச் சராசரியாகப் பாதியளவு குறைக்க வேண்டும் என்ற திட்டம் 2001-ல் வகுக்கப்பட்டது. அது போதாதென்று வேக்கோ நகரம் 2004-ல் 14 பால்பண்ணைகள் மீது வழக்குத் தொடுத்தது.

இதற்கிடையே, 2000-ல், சாணத்தை மக்கவைத்து ஆற்றுப்படுகைக்கு வெளியே அனுப்ப அரசு மானியம் தரத் தொடங்கியது. நெடுஞ்சாலைத் துறை அதை வாங்கிச் சாலைச் சரிவுகளில் புல் வளர்த்தது. அடுத்த சந்தையாக நகரத்துப் புல்வெளிகள் தென்பட்டன. கட்டுமான இயந்திரங்கள் மேல்மண்ணைச் சுரண்டிவிட்ட புதிய குடியிருப்புகளில் மக்கிய உரம் மண்ணை இளக்கி, நீர் உறிஞ்ச வைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் வயலுக்கும் ஓடைக்கும் இடையே வரப்பும் புதரும் இருக்கும். வீட்டுப் புல்வெளியிலிருந்து வழியும் நீரோ நடைபாதை, தார்ச்சாலை, மழைநீர் வடிகால் என்று எங்கும் வடிகட்டப்படாமல் நேரே ஓடையில் இறங்குகிறது. உரத்தை இடம் மாற்றியதால், ஓர் ஆற்றின் சுமை இன்னொரு நீரோடையின் தலையில் ஏறக்கூடிய நிலை.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மண்ணியலாளர்கள் இங்கேதான் ஒரு நல்ல யோசனையைச் சோதித்தார்கள். புல்பண்ணையில் சாண உரமிட்டு பெர்முடா புல் வளர்ப்பது. பிறகு வேரடி மண்ணோடு பத்தைபத்தையாகச் சீவியெடுத்து நகரத்தில் பதிப்பது. சீவும்போது, இட்ட மணிச்சத்தில் பெரும்பங்கு பத்தையோடு வெளியேறிவிடும். சரிவான பாத்திகளில் மழைநீரைப் பிடித்து அளந்தபோது, புதிதாக நட்ட புல்மேல் உரத்தைத் தூவிய பாத்திகளைவிடப் பத்தை பதித்த பாத்திகளிலிருந்து குறைவான மணிச்சத்தே வழிந்தது. வேருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பிடிபட்ட சத்து அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

சட்டங்கள் சாணத்தை இவ்வளவு கூர்ந்து பார்க்கவில்லை. புல்வெளி உரத்தில் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை மின்னசோட்டா 2002-ல் இயற்றியது. விஸ்கான்சினில் அத்தகைய தடை 2010-ல் நடைமுறைக்கு வந்தது. விஸ்கான்சினின் மில்வாக்கி நகரம், கழிவுநீர்க் கசடை உலர்த்தி ‘மில்லார்கனைட்’ என்ற பெயரில் 1926 முதல் புல்வெளிகளுக்கு விற்றுவரும் ஊர். பதப்படுத்திய சாணமும் கசடு உரமும் அந்த மாநிலத்தின் தடையிலிருந்து விலக்குப் பெற்றன.