வானத்துத் தபாலும் மலைமேல் வட்டமும்

என் அப்பா ஓசூர் தாலுகாவில் தபால் ரன்னராக இருந்தவர். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. தோளில் பையை மாட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக நடப்பார். ராயக்கோட்டைப் பக்கம் போகும்போது ஒரு கரட்டைக் காட்டி எனக்கு ஒரு கதை சொல்வார்.

"வெள்ளைக்காரன் காலத்துல ஏரோப்ளேன்ல தபால் வந்துச்சுடா. பைலட்டுக்கு வழி தெரியணுமே? அதுக்குத்தான் அந்தப் பாறை மேல வட்டம் வெட்டி வெச்சிருக்கான். ராத்திரியில விளக்கும் எரியுமாம்."

அந்தப் பாறைக்கு அக்கம்பக்கத்தில் 'ஏரோப்ளேன் பண்டெ' என்றே பெயர். பண்டெ என்றால் கன்னடத்தில் பாறை. அறுபது வருடங்களாக நானும் இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் சொன்னேன். போன மாசி மாதம் பேரன், "தாத்தா, அதைப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டான்.

போவதற்கு முன் கொஞ்சம் படித்துக்கொண்டேன். விமானத்தில் தபால் போனது உலகத்திலேயே முதலில் நம் நாட்டில்தான் என்பார்கள். 1911 பிப்ரவரி 18-ல் அலகாபாத்திலிருந்து யமுனைக்கு அக்கரையில் உள்ள நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களைக் கொண்டுபோனார். நம் சென்னைக்கு ஒழுங்கான விமானத் தபால் வந்தது 1932 அக்டோபரில். 15-ம் தேதி காலை ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சின்ன 'பஸ் மாத்' விமானத்தில் கிளம்பி, அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹூவில் இறங்கினார். அகமதாபாத்தில் அவருக்குப் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்ததாம். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக சென்னைக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்ட்சென்ட். முதல் வருடத்தில் அந்தக் கம்பெனி 1,60,000 மைல் பறந்து, லாபம் 60,000 ரூபாய் பார்த்தது.

அந்த விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே வழிகாட்டி எதுவும் கிடையாது. மடியில் வரைபடம், கண்ணெதிரே திசைகாட்டி, கீழே ஆறு, மலை, ரயில் பாதை. இவற்றை வைத்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு. 1920-களில் அங்கே தபால் விமானம் இரவிலும் பறக்க வேண்டும் என்று, வழி நெடுக சுமார் பத்து மைலுக்கு ஒரு விளக்குக் கோபுரம் நட்டார்கள். அதன் அடியில் 70 அடி நீளம் வரைக்கும் சிமெண்டில் அம்புக்குறி போட்டு மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். அந்த அம்புகளில் சில இன்னும் இருக்கின்றன. தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. நம் ஊரிலும் அப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு பெருமை!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனோடு கரட்டில் ஏறினேன். முழங்கால் வலிக்கு நாலு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. உச்சிப் பாறையைக் காட்டியது ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். சருகைத் தள்ளினார். பாறையில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. உளியால் செதுக்கியது. அப்பா சொன்னது பொய்யில்லை என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேரன் குனிந்து கையை விரித்து வைத்தான். வட்டம் ஒரு சாண்கூட இல்லை. "இது மேலேருந்து எப்படித் தாத்தா தெரியும்?" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்து, பெல்லாரிக்கும் சென்னைக்கும் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டேன். அது அனந்தபூர் பக்கமாகப் போகிறது. ஓசூருக்கு நேர் வடக்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி! பெல்லாரிக்குப் பதில் ஹைதராபாத் வந்த பிறகு பாதை இன்னும் விலகிப் போயிற்று. அந்த விமானங்கள் ஆரம்பத்தில் பகலில்தான் பறந்தன. நாக்பூரில் நள்ளிரவில் நாலு திசை விமானங்களும் கூடித் தபால் மாற்றிக்கொண்ட இரவு விமானத் தபால் 1949-ல்தான் தொடங்கியது. சென்னையிலிருந்து நாக்பூர் போகிற விமானத்துக்கும் நம் ஊரில் வேலையில்லை.

அப்படியானால் அந்த வட்டம்? அது நில அளவைக்காரர்களின் குறி. வட்டமும் நடுப்புள்ளியும் அவர்களுடைய முத்திரை. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையில் இருந்த வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, மலைக்கு மலை கோணம் பார்த்து, முக்கோணம் முக்கோணமாக மேற்குக் கடல் வரை அளந்தார். 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு கோடு அளந்து கணக்கைச் சரிபார்த்தார்கள். இந்தியா முழுவதையும் அளந்த மகா முக்கோண அளவை இதுதான். கருவியின் நடுத்தண்டு புள்ளிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குறி. எங்கள் பாறையில் உளி வைத்தது லாம்டன் ஆட்களா, பின்னால் வந்தவர்களா என்பதற்குக் கல்லில் எழுத்து எதுவும் இல்லை.

விளக்குக் கதையும் அப்போது விளங்கியது. அளவைக்காரர்கள் பகலில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் காட்டுவார்கள். இரவில் மலை உச்சியில் விளக்கு ஏற்றுவார்கள், அடுத்த மலையில் இருப்பவன் பார்த்துக் கோணம் எடுக்க. ஊரில் யாரோ ஒரு பாட்டன் அந்த விளக்கைப் பார்த்திருக்கிறார். பிறகு ஏரோப்ளேன் வந்தது, பெங்களூரில் 1940-ல் விமானத் தொழிற்சாலை வந்தது, வானத்தில் சத்தம் கேட்டது. இரண்டு கதையும் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். அப்பா கேட்டதைச் சொன்னார்.

அறுபது வருடம் சொன்ன கதையைத் திருத்திச் சொல்வது லேசில்லை. பேரனிடம் சொன்னபோது, அப்பாவைக் காட்டிக் கொடுப்பது போலத்தான் இருந்தது. அவனோ, "அப்போ இது ஏரோப்ளேனைவிடப் பழசு தாத்தா!" என்று குதித்தான்.

ஆனால் எதிர்க் கரட்டில் பாதி இப்போது இல்லை. கிரானைட்டுக்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். 'ஏரோப்ளேன் பண்டெ'க்கு எத்தனை நாளோ! இருக்கும் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, குறியைப் பாதுகாக்கும்படி ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஊர்க் கரட்டிலும் இப்படி வட்டமும் புள்ளியும் இருந்தால், ஊரார் அதற்கு என்ன கதை சொன்னாலும் சரி, முதலில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கதையை நாம் திருத்திக்கொள்ளலாம், பாறை போனால் வராது.

அப்பா சொன்னதில் ஒன்று மட்டும் உறுதி. விமானத்தில் சென்னை வரை வந்த கடிதமும் அதன்பிறகு ரயிலிலும் வண்டியிலும் வந்து, கடைசி சில மைல்களைத் தோள் பையில் ஏறித்தான் கடந்தது. அந்த வழிக்கு எவனும் குறி வெட்டி வைக்கவில்லை. அப்பாவுக்கு அது காலிலேயே இருந்தது.