தராசு கொண்டு வராத பெண்

நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். தோளில் பை, கையில் பதிவேடு, தொட்டில் துணி மாட்டித் தூக்குகிற தராசு என்று வீடு வீடாக ஏறி இறங்கிய பிழைப்பு.

பேத்தி பிறந்தபோது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். கீழ் வீட்டில் ஒரு சின்ன வயதுத் தாய். வியாழக்கிழமை தவறாமல் ஒரு பெண் அவள் வீட்டுக்கு வருவாள். வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவாள். குழந்தையோடு கொஞ்ச நேரம், தாயோடு அதிக நேரம். ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புவாள். கையில் ஊசி, மருந்து, தராசு எதுவும் கிடையாது. வந்தவள் நம்ம ஜாதிதான், வீட்டுக்கு வருகிற சுகாதார ஊழியர் என்று எனக்குப் பட்டது. தராசு இல்லாமல் என்ன வேலை என்றுதான் புரியவில்லை.

மகளிடம் கேட்டேன். "அம்மா, அது பச்சைக் குழந்தைக்கும் தாய்க்கும் சேர்த்துப் பாக்கிற மனநல சிகிச்சை. இந்த ஊர்ப் பக்கம்தான் ஆரம்பிச்சதாம்" என்றாள். கைக்குழந்தைக்கு மனநல சிகிச்சையா என்று சிரித்தேன். பிறகு மகள் எடுத்துத் தந்ததைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

இதைத் தொடங்கியவர் செல்மா ஃப்ரைபர்க். 1918-ல் மிச்சிகனின் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர். சமூக சேவைப் படிப்பு படித்து, பிறகு மனப்பகுப்பாய்வில் இறங்கியவர். தாயைப் பிரிந்த குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் போல்பி எழுதிய அறிக்கை 1951-லேயே வந்துவிட்டது. தாய் பக்கத்திலேயே இருந்தும் குழந்தை வாடுகிறதே, அதற்கு என்ன வழி? அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஃப்ரைபர்க்.

அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவை பிறவியிலேயே பார்வை இல்லாத குழந்தைகள். மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில், அந்தக் குழந்தைகளை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தார். பார்வை இல்லாத குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்காது. 'இதுக்கு என்னைப் பிடிக்கலை' என்று தாய்க்குத் தோன்றிவிடும், மெல்ல ஒதுங்குவாள். ஃப்ரைபர்க் குழந்தையின் கைகளைக் கவனித்தார். முகம் சொல்லாததை விரல்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அதைத் தாய்க்குக் காட்டிக் கொடுத்ததும் அவள் மறுபடி குழந்தையை நெருங்கினாள். மருத்துவமனை அறையில் உட்கார்ந்திருந்தால் இது அகப்பட்டிருக்காது.

அதே முறையை 1970களில் பார்வை உள்ள குழந்தைகளுக்கும் கொண்டு போனார். மனச்சோர்வில் இருக்கும் தாய் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாள். கைக்குழந்தையால் வாயைத் திறந்து குறை சொல்ல முடியாது. அதனால் சிகிச்சை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உட்காரக் கிடைத்த இடம் பெரும்பாலும் அடுப்படி என்பதால், இதை அடுப்படியில் செய்யும் மனசிகிச்சை என்றே அவர் சொன்னார்.

1975-ல் எட்னா ஏடல்சன், விவியன் ஷாபிரோ என்ற இருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'குழந்தை அறையில் பேய்கள்'. அதில் ஐந்தரை மாதக் குழந்தை ஒன்று வருகிறது. கட்டுரையில் அதற்கு மேரி என்று மாற்றுப் பெயர். குழந்தை வீரிட்டு அழுகிறது. தாய் காது கேளாதவள் போல் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போன ஏடல்சன் அவளைத் திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. அவள் கதையைக் கேட்டார். அந்தத் தாயே சிறு வயதில் தன் அம்மாவின் மனநோயால் அரவணைப்பு இல்லாமல், உறவினர் கையில் மாறி மாறி வளர்ந்தவள். அவள் அழுகையை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இப்போது ஒருவர் கேட்டார். அவள் அழுது தீர்த்த பிறகு, குழந்தையைத் தானாக எடுத்து மார்போடு அணைத்தாள்.

பெற்றவர்கள் பட்ட பழைய வேதனை, அழைக்காமலே தொட்டிலருகே வந்து நிற்கிறது. அதைத்தான் அவர் பேய் என்றார். பட்ட வலியை மனதார நினைத்துப் பார்க்கிறவர்கள் அதைப் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. வலியை மறந்து மரத்துப் போனவர்களே திரும்பக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. ஃப்ரைபர்க் 1981-ல் காலமானார். சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் போன்றவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். பேய்களைத் தேடுவதோடு, ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அன்பு காட்டிய தேவதைகளையும் தேட வேண்டும் என்று லீபர்மனும் அவருடன் இருந்தவர்களும் 2005-ல் எழுதினார்கள்.

பேய் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு 1986 ஞாபகம் வந்துவிட்டது. என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஒரு குக்கிராமம். பத்தொன்பது வயதுப் பெண். தாய் இல்லாதவள், அதனால் தலைப்பிரசவத்துக்குக்கூடப் போக்கிடம் இல்லை. நாலு மாதப் பெண் குழந்தைக்கு எடை ஏறவே இல்லை. நான் கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். "நர்ஸம்மா, பேயடிச்ச மாதிரி இருக்கா. புள்ளைய ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்த் திருநீறு போடணும்."

பேயாவது பிசாசாவது என்று மாமியாரைச் சத்தம் போட்டேன். அந்தப் பெண்ணிடம், "நேரத்துக்குப் பால் கொடு, குழந்தையை இப்படிப் போடக்கூடாது" என்று கண்டித்தேன். எடையைப் பதிவேட்டில் எழுதினேன். முத்தடுப்பு ஊசி தேதி சொன்னேன். கிளம்பிவிட்டேன். இப்படி மூன்று மாதம். நாலாவது மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. வேலை தேடி வெளியூர் போய்விட்டார்கள் என்றார்கள். 'இடம் பெயர்ந்தனர்' என்று எழுதிப் பக்கத்தை மூடினேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை. அந்தக் கட்டம் பதிவேட்டிலும் இல்லை.

மனநல சிகிச்சைக்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டுமே, நீங்கள் என்ன செய்திருக்க முடியும் என்று மகள் ஆறுதல் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ராவல்பிண்டி பற்றிப் படிக்கும் வரை.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மருத்துவர் தலைமையில் நடந்த ஆய்வு அது. 2008-ல் லான்செட் இதழில் வந்தது. மனச்சோர்வில் இருந்த 903 கர்ப்பிணிகள். அவர்களைப் பார்த்தது மருத்துவர்கள் அல்ல, பள்ளிப் படிப்பு முடித்த 'லேடி ஹெல்த் வொர்க்கர்' எனப்படும் கிராம சுகாதார ஊழியர்கள். ஒரு பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீட்டுக்குப் போய், கர்ப்பத்தின் கடைசி மாதம் தொடங்கிக் குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும்வரை 16 முறை உட்கார்ந்து பேசினார்கள். மற்ற பாதிப் பேரைப் பயிற்சி பெறாத ஊழியர்கள் அதே அளவு போய்ப் பார்த்தார்கள். 'உனக்கு மனநோய்' என்று சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர வேண்டும் என்று சொல்லித்தான் மாமியாரையும் கணவரையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மாரில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, பெற்றோர் குழந்தையோடு விளையாடுவது கூடியது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தக் கையேட்டை வெளியிட்டது.

அதாவது என்னைப் போன்றவர்களாலேயே ஆகிற காரியம். வீட்டு வாசல்வரை போயிருந்தேன், திண்ணையில் உட்கார்ந்தும் இருந்தேன். அதற்கு மேல் கேட்கச் சொல்லி எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, நானாகவும் கேட்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயது நெருங்கியிருக்கும். நன்றாக இருக்கட்டும்.

நம் வீடுகளில் மகளோ மருமகளோ பிள்ளை பெற்றிருந்தால், குழந்தை பால் குடித்ததா, தூங்கியதா என்று ஆளாளுக்குக் கேட்கிறோம். குழந்தையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று அவளையும் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் பக்கத்தில் உட்காருங்கள். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துப் போங்கள்.